வராதவர் சீட்டு

காலை ஏழரை மணி இருக்கும். குளித்துவிட்டு வந்து நெற்றிக்கு இட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ‘பூங்காவனம் மேடம்’ என்று தெரிந்தது. நான் எடுக்கவில்லை. அந்தப் பெயர் வந்தால் எடுப்பதில்லை என்பது பல மாதங்களாக என் வழக்கமாகிவிட்டிருந்தது. இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை என் மனைவி எடுத்தாள். அவள் முகம் மாறியது. “அவா தம்பி பேசறார். நீங்களே கேளுங்கோ” என்று என்னிடம் நீட்டினாள்.

பழவேற்காட்டில் படகு வைத்திருக்கும் தம்பி. “சார், அக்கா பூட்டாங்க சார். விடியற நேரத்துலதான். உங்களுக்கு மூணு தபா அடிச்சிப் பாக்கச் சொன்னாங்க. அதான் அடிச்சேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருவள்ளூரிலிருந்து பழவேற்காடு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. சிறுநீரகம் பழுதாகி ஒன்றரை ஆண்டு பொன்னேரி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த உடம்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் பாதியாகக் கிடந்தது. எங்கள் உளவியல் துறை ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பழைய மாணவிகள் அழுதார்கள். எல்லாரும் அவரைப் பற்றி நல்லதே சொன்னார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே கத்தியிருப்பார். “வந்தவங்ககிட்டயே கேட்டா ஊர்ல எல்லாரும் சொகமாதான் சார் இருப்பாங்க. வராதவன் யாரு? அதைப் பாருங்க!” இருபது ஆண்டுகளாக ஆய்வு முறைகள் வகுப்பில் அவர் சொன்ன வாக்கியம் அது. நான் சுற்றிப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளிகள் ஒருவர்கூட வரவில்லை.

அவர்கள் ஏன் வரவில்லை என்று, இதைப் படிக்கும் கல்லூரிக்காரர்களான உங்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆலையில் நாங்கள் எடுத்த ஆய்வைக் கெடுத்தவர் பூங்காவனம் மேடம்தான் என்பது கல்லூரியில் நிலைத்துவிட்ட பேச்சு. படிவங்களைச் சரிபார்க்காமல் அறிக்கை கொடுத்தார், பிறகு தானே அதைப் பொய் என்று எழுதிக் கொடுத்தார், தொழிலாளிகளின் எட்டு மணி நேர வேலை கைநழுவிப் போயிற்று என்று சொல்லப்படுகிறது. இந்த அஞ்சலியை எழுதக் காரணம் அந்தப் பேச்சுத்தான். அதில் பாதி பொய். அந்தப் பாதி என்னுடையது.

இறந்தவரை நினைக்கும்போது மனம் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் என்று அவரே எச்சரிப்பார். அதனால் முதலில் எனக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் முன்னால் என்னைத் திருத்துவார். என் தயிர்சாத டப்பாவைக் கேட்காமல் திறப்பார். கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்தரைக்கு வந்து, “மீஞ்சூர்ல கேட்டு போட்டுட்டான் சார்” என்பார். எல்லா நாளும் மீஞ்சூரில் ரயில்வே கேட்டை மூடுவார்களா என்ன! கோபம் வந்தால் பேராசிரியர் தமிழ் பறந்துவிடும், பழவேற்காட்டுத் தமிழ் வந்துவிடும். எனக்கோ கோபமே வராது என்று பெயர். பயந்தாங்கொள்ளிக்கு ஊர் வைக்கும் மரியாதையான பெயர் அது.

அந்த ஆலையில் உலைப் பகுதியிலும் இன்னும் சில பகுதிகளிலும் ஷிப்டை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாக ஆக்கியிருந்தார்கள்; மற்ற இடங்களில் எட்டுத்தான். தொழிற்சங்கம் எதிர்த்தது. யார் சொல்வதும் வேண்டாம், கல்லூரிக்காரர்கள் வந்து ஆட்களின் தூக்கத்தையும் மனநிலையையும் ஆராயட்டும், மோசம் என்று தெரிந்தால் உலைப் பகுதிக்கு மட்டுமாவது பழைய நேரத்துக்குத் திரும்புகிறோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மேடம்தான் தலைமை. நான் துணை. தொழிலாளர் பெயர்ப் பதிவேடான மஸ்டர் ரோலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்தோம். ‘எனக்குத் தெரிந்த நல்ல பையன்கள்’ என்று ஹெச்.ஆர். அதிகாரி நீட்டிய பட்டியலை மேடம் மடித்து அவர் சட்டைப்பையிலேயே செருகினார்.

முதல் நாள் பேட்டிகளைக் குளிரூட்டிய அறையில் வைத்திருந்தார்கள். டீ, பிஸ்கட், மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு சூப்பர்வைசர். அத்திப்பட்டிலிருந்து வரும் ஏகாம்பரம் என்ற உலைத் தொழிலாளி என் முன் அமர்ந்தார். “நல்லா தூங்குறேன் சார். கம்பெனி நல்லா பாத்துக்குது சார்.” அப்படியே எழுதிக்கொண்டேன். மேடம் எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசரையும் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார். மறுநாள் ஆலைக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் அதே ஏகாம்பரத்தை, அதே கேள்விகளோடு, நானே மறுபடி கேட்டேன். அவர் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“தூக்கமா? அது இன்னான்னே மறந்துட்டேன் சார். ஊட்டுக்குப் போனாலும் காதுல உலை சத்தம் ஓடிக்கினே இருக்கு. கொழந்த அழுதா கை ஓங்குது. அப்பால நானே உக்காந்து அழுவுறேன். இதெல்லாம் உள்ள சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வுடுவானா?”

முதல் நாள் படிவங்கள் எல்லாவற்றையும் மேடம் ஒதுக்கிவிட்டார். கேட்கும் இடம் மாறினால் பதில் மாறும் என்று நான் பாடம் நடத்தியவன்தான். ஆனாலும் அந்த பிஸ்கட்டைத் தின்றேன்.

கொட்டகைக்கு வந்த பிறகு எனக்கு வேறொரு வியாதி பிடித்தது. தொழிலாளி கஷ்டத்தைச் சொன்னால் என் தலை தானாக ஆடியது. “ம்ம், ம்ம்” என்று உருகினேன். அவர் சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னால் தலை நின்றுவிடும். மேடம் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார். “இன்னா சார் இது, கோயில் மாடு மாதிரி தலையாட்டிக்கினு இருக்கீங்க? அந்தாளு கேள்வியைப் பாக்கல, உங்க தலையைப் பாத்துக்கினு பதில் சொல்றான். நீங்க ஆட்டுற பக்கம்தான் அவன் போவான்.” அன்று முதல் நான் கொட்டகைத் தூணில் பின்மண்டையை ஒட்டிவைத்துக்கொண்டு பேட்டி எடுத்தேன். ஏகாம்பரம் போகும்போது, “சாருக்குக் கழுத்து சுளுக்கா?” என்று பரிவாகக் கேட்டார்.

மேடம் தன்னையும் விட்டுவைக்கவில்லை. அவர் கணவர் ஒரு காலத்தில் இரும்பாலையில் வேலை செய்து, குடித்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர். “எனக்கு இந்த முடிவு மோசமா வரணும்னு உள்ளுக்குள்ள ஆசை இருக்கு சார். அதனால என்னை நம்பாதீங்க” என்றார். யார் எட்டு மணி நேரக்காரர், யார் பன்னிரண்டு மணி நேரக்காரர் என்ற கட்டத்தை ஒவ்வொரு படிவத்திலும் மடித்து ஸ்டேப்ளர் அடித்தார். பேட்டி எடுத்தவர் பெயருக்குப் பதிலாக ஓர் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற தாள் அவரிடம் மட்டுமே இருந்தது. பதில்களுக்கு மதிப்பெண் போடும் மாணவிகளுக்கு எதுவும் தெரியாது. இந்த எண்கள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. காப்பாற்றின என்றா சொல்வது!

அடுத்தது வராதவர்கள் விஷயம். குலுக்கலில் வந்த சிலர் ஆலையில் இல்லை. வேலையை விட்டுவிட்டார்கள், நீண்ட விடுப்பில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கணக்கெடுப்புக்குப் போகும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர். நானும் அப்படியே அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மேடத்துக்கு அது தெரிந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. “தாங்க முடியாதவன்தான் சார் ஓடியிருப்பான்! தாங்குறவனா பாத்துப் பாத்துக் கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னுதான் வரும். ஓடினவன் எங்க ஓடினான்னு போயி பாக்கணும்.”

அப்போதுதான் ரோஸ் கலர் சீட்டு வந்தது. வராத ஒவ்வொருவருக்கும் ஒன்று. பெயர். தேடியது: மூன்று கட்டங்கள், மூன்று முறையாவது தேட வேண்டும். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் நாங்களாக எதையும் எழுதக்கூடாது. “அது அவங்க வாயால வரணும். அவங்க இல்லன்னா அவங்க ஊட்டுக்காரங்க வாயால” என்றார். மேடம் ஊர் ஊராக அலைந்தார். மீஞ்சூரில் ஒருவரை மீன் சந்தையிலும், இன்னொருவரை மாமியார் வீட்டிலும் பிடித்தார். எனக்கு வந்த கடைசிப் பெயர் முனிரத்தினம். உலைப் பகுதியில் கிரேன் ஓட்டியவர். வேலையை விட்டு, ஆந்திர எல்லையோரம் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குத் திரும்பிவிட்டவர்.

இரண்டு முறை தொலைபேசியில் தேடினேன். அணைக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக நேரில் போகப் புறப்பட்டேன். கத்திரி வெயில். திருத்தணி வரை ரயிலில் போனேன். பள்ளிப்பட்டுப் பேருந்து அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. ஒரு சோடாக்கடை நிழலில் உட்கார்ந்து சோடா வாங்கினேன். பையில் படிவம் இருந்தது. பட்டியலில் பாக்கி அந்த ஒரே ஒரு பெயர். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கொஞ்சம் தேறியிருப்பார். ‘தூக்கம்: பரவாயில்லை, நன்றாகத் தூங்குகிறேன்.’ முடிவு எந்தப் பக்கமும் சாயாதபடி மற்றக் கேள்விகளுக்கும் நடுவான பதில்களாகப் போட்டேன். கீழே அன்றைய தேதியை எழுதினேன். சோடாவின் நுரை அடங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆய்வு முறைகள் பாடத்தில் நான் இருபது ஆண்டு ஆசிரியன்.

அறிக்கை போனது. பன்னிரண்டு மணி நேரக்காரர்களின் நிலை மோசம் என்பதே முடிவு. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தேடிக் கண்டோம் என்ற வரியை மேடம் பெருமையோடு சேர்த்திருந்தார். நிர்வாகம் உலைப் பகுதிக்கு எட்டு மணி நேரம் தர இசைந்தது. சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். ஏகாம்பரம் துறைக்கே வந்து மேடத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் தருவது மேடத்தின் வழக்கம். தபாலில் அனுப்ப மாட்டார், கையில் கொடுப்பார். பள்ளிப்பட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே போனார். மறுநாள் துறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“வரதன் சார், முனிரத்தினத்தைப் பாத்தீங்களா?”

“பார்த்தேன் மேடம்.”

“இன்னா சொன்னாரு?”

“படிவத்துல இருக்கே. நல்லா தூங்குறேன்னார்.”

அவர் படிவத்தை மேசையில் வைத்தார். “நீங்க போட்டுக்கீற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்தாளைப் பொதைச்சிட்டாங்க. செத்தவன் வந்து நல்லா தூங்குறேன்னு உங்ககிட்ட சொன்னானா சார்?”

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முனிரத்தினத்தின் மனைவி சொன்னதை அப்படியே சொன்னார். “பசங்களோட நைனா வேலைய வுட்டு வந்தும் தூங்கலம்மா. கண்ணை மூடினா உலை தெரியுதுன்னு எழுந்து எழுந்து உக்காருவாரு. யாராச்சும் வந்து இன்னான்னு கேட்டாங்களா?” தானே உயிரை முடித்துக்கொண்டார் என்பதை மேடம் ஒரே வரியில் சொன்னார். நான் போயிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அவர் பெயரில் ஒரு ரோஸ் சீட்டு வந்திருக்கும். அந்தக் கோட்டில் அவர் மனைவி சொன்னது இருந்திருக்கும். அந்த அறிக்கையிலேயே முக்கியமான காகிதம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதன் இடத்தில் என் சோடாக்கடைப் படிவம் இருந்தது.

நான் கெஞ்சினேன். “ஒரே ஒரு படிவம் மேடம். எடுத்துட்டாலும் முடிவு மாறாது. எட்டு மணி நேரம் கிடைச்சிடுச்சு. இப்ப கிளறினா அவங்களுக்குத்தான் நஷ்டம்.” நான் பயந்தது எனக்காகத்தான் என்றாலும், சொன்னதில் நியாயமும் இருந்தது. அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “தெரியும் சார். எனக்கும் அதான் பேஜாரா இருக்குது. ஆனா அந்தாளு பொண்டாட்டி கேட்டுச்சே, யாராச்சும் வந்து கேட்டாங்களான்னு. கேட்டோம்னு எழுதி வெச்சிருக்கோமே சார்.”

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு படிவம் பொய், அந்த மனிதர் இறந்துவிட்டார், இன்ன காரணத்தால், முடிவு மாறவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினார். நிர்வாகம் முதல் வரியை மட்டும் படித்தது. அறிக்கையே நம்பத் தகாதது என்று தள்ளிவிட்டார்கள். எட்டு மணி நேரம் போயிற்று. உலைப் பகுதியில் இன்றும் பன்னிரண்டுதான். மீஞ்சூர் ரயில் நிலையத்தில் ஏகாம்பரம் மேடத்தைப் பார்த்து, “எங்க வாயில மண்ணைப் போட்டியேம்மா” என்றபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடம் கைகூப்பினார். நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன். மேடம் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது என்னவென்று மட்டும் தெரியும்.

கல்லூரி விசாரணைக் குழுவில், அந்தப் படிவத்தில் இருக்கும் எண் யாருடையது என்று கேட்டார்கள். தாள் மேடத்திடம் இருந்தது, அவர் அதை எடுத்து நீட்டவில்லை. “சரிபார்க்க வேண்டியது தலைவர். தலைவர் நான். தப்பு என்னுது” என்றார். நான் அதே மேசையில் என் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், “நான் சொன்னா கோள் சொல்ற மாதிரி ஆயிடும். நீங்களே வந்து சொல்லுங்க சார்” என்றார். அதற்குப் பிறகு அவருக்கு எந்த ஆய்வும் தரப்படவில்லை. அவருக்கு வரவேண்டியிருந்த துறைத் தலைவர் பதவி, அடுத்த தகுதியில் இருந்த எனக்கு வந்தது. ஏற்றுக்கொண்டேன். அவர் நோயில் படுத்தபோது, “ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுங்கோளேன்” என்று என் மனைவி எத்தனை முறை சொன்னாள்! நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தம்பி என்னைக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். “அக்கா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. கடைசி கட்டத்த மட்டும் நான் எழுதினேன் சார். கையெழுத்து சரியா இருக்காது, ஒண்ணும் நெனச்சிக்காதீங்க.” உள்ளே முனிரத்தினத்தின் படிவமும், எண்களின் தாளும் இருந்தன. கூடவே ஒரு ரோஸ் சீட்டு.

பெயர்: வரதராஜன். தேடியது, முதல் கட்டம்: கல்லூரிக்குப் போனேன், பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அன்று நான் போனது உண்மை. தடியூன்றி வந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் போனேன். இரண்டாம் கட்டம்: கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூன்றாம் கட்டம், தம்பியின் கோணல் எழுத்தில்: போன், மூணு தபா. காரணம் என்ற கோடு காலியாக இருந்தது. அவர் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

படிவத்தையும் எண்களின் தாளையும், பதவி விலகல் கடிதத்தோடு முதல்வரிடம் கொடுத்துவிட்டேன். முனிரத்தினத்தின் வீட்டுக்கும் ஏகாம்பரத்தின் வீட்டுக்கும் போக வேண்டும். இந்த முறை பேருந்து வரும்வரை உட்கார்ந்திருப்பேன். மேடத்தின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த ரோஸ் சீட்டை மட்டும்தான். காலியாக இருந்த கோட்டை இன்று காலை நிரப்பினேன்.

காரணம்: பயந்துவிட்டேன் மேடம்.